உப்புக்காற்றில் கேம்: நம் கடற்கரையில் முதல் கன்சோலோ பிசியோ வாங்குகிறவர்களுக்கு

“அண்ணே, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கவா, பிசி பில்ட் பண்ணவா?” என்று கேட்டு வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, “உங்க வீடு கடல்ல இருந்து எத்தனாவது தெரு?” என்றுதான். சென்னையில் இருந்து வீடியோ போடுகிறவர்கள் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்), ரே ட்ரேசிங் (ஒளியை நிஜம்போல் காட்டும் முறை) என்று ஆரம்பிப்பார்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டி இருக்கிற நமக்கு அது நாலாவது கேள்வி. காற்று, கரண்ட், டேட்டா இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பாம்பனில் எங்கள் வீடு கடலில் இருந்து மூன்றாவது தெரு. மதுரையில் அசெம்பிள் செய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பிசி, இரண்டாவது மழைக்காலத்தில் படம் வராமல் நின்றது. பக்கத் தகட்டைக் கழற்றப் போனால் திருகாணி நாலில் இரண்டு துருவேறி இறுகிக் கிடந்தது. எப்படியோ திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். எச்டிஎம்ஐ துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி. கிராபிக்ஸ் கார்டை உருவினால், மதர்போர்டில் செருகும் தங்க நிறப் பற்களில் கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் பச்சைக் களிம்பு. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம படகு பேட்டரி முனையில பூக்குற அதே பச்சைதான்ப்பா இது” என்றார். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துப் போட்டதில் மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஒரேயடியாகப் போய்விட்டது. ஒரு வருடச் சேமிப்பு அது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாக ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கசிவுதான் மதர்போர்டின் மேலும் நடக்கிறது. ஃபேன் உள்ளே இழுத்துச் சேர்த்த கண்ணுக்குத் தெரியாத உப்பு, ஈரமானதும் கரண்ட் கடத்தும் நீராகிவிடும். அது செம்பையும் சால்டரையும் மெல்ல மெல்ல அரிக்கும்.

எனவே பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். பாம்பன் தீவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் பக்கம் சாரல் தூக்கும், வாடைக்காலத்தில் வடகடல் பக்கம். இரண்டு காற்றும் நேராக அடிக்காத உள் அறைதான் சரியான இடம். தரையில் வைக்காமல் ஒரு அடியாவது உயரத்தில் வையுங்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், சூடு வெளியேற வழி வேண்டும்.

மழைக்காலத்தில் பயன்படுத்தாமல் மூடி வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓடுகிற மெஷின் சூட்டில் உலர்ந்திருக்கும். வாரக்கணக்கில் சும்மா கிடப்பதுதான் ஈரம் குடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை தினமும் அரை மணி நேரமாவது ஆன் செய்யுங்கள். அணைத்து, சூடு ஆறியபின் பருத்தித் துணி போட்டு மூடலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். ஏசி அறையில் வைத்திருந்தால் இன்னொரு கவனமும் தேவை. ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்த தகட்டின் மேல் வெளிக்காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும். சற்று நேரம் விட்டுத் திறங்கள்.

கரண்ட்

கரண்ட் போவதைவிட, போய்விட்டுத் திரும்பி வரும் அந்த நொடிதான் ஆபத்து. கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் சேவ் ஃபைல் கெடும். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறினால் பிசியின் பவர் சப்ளையே போகும். யூபிஎஸ் (கரண்ட் போனதும் சில நிமிடம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கும் பணத்தையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

கணக்கு எளிது. கேம் ஓடும்போது பிஎஸ்5 ஏறக்குறைய 200 வாட் எடுக்கும், டிவிக்குத் தனி. நடுத்தர கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசியும் மானிட்டரும் சேர்ந்தால் 300 வாட் பக்கம் போகும். கடையில் கிடைக்கும் 600 விஏ (யூபிஎஸ்ஸின் திறன் அளவு) யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அதனால் 1000 விஏ எடுங்கள். அது தரும் ஐந்து பத்து நிமிடம், சேவ் செய்து முறையாக அணைப்பதற்கு. தொடர்ந்து விளையாடுவதற்கு என்று எண்ணாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் போடுவதானால் அது ப்யூர் சைன் வேவ் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் நல்ல பவர் சப்ளைகளுக்கு ஒத்துவராது. கன்சோலில் ரெஸ்ட் மோடை (பாதி அணைந்த நிலை) பயன்படுத்தாதீர்கள், முழுதாக அணைத்துவிடுங்கள்.

பிசி கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? எர்த் சரியில்லை. மேலே எதையும் செய்யாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வருமானத்தில் ஓடும் வீடு என்றால், இஎம்ஐ போடும் முன் அந்த இரண்டு மாதத் தவணை எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்துவிட்டு வாங்குங்கள். ஓய்வு நாள் அதிகம் என்று தடைக்காலத் தொடக்கத்தில் தவணையில் வாங்கி, ஜூனுக்குள் பாதி விலைக்கு விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

கன்சோல் என்றால் டிஸ்க் போடும் வகை

என் கருத்தை ஒளிவில்லாமல் சொல்கிறேன். விளையாடுவதற்கு மட்டும்தான் வேண்டும், வீட்டில் ஃபைபர் இல்லை, கணினி பற்றி அதிகம் தெரியாது என்றால் உங்களுக்கு டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன்தான். புது பிஎஸ்5 முடியாவிட்டால் பழைய பிஎஸ்4 கூடப் போதும். 2013இல் வந்த அந்த மெஷினுக்கு இருக்கிற கேம்களை விளையாடி முடிக்க வருடக்கணக்காகும், டிஸ்க்குகளும் செகண்ட்ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் எடிஷனில் இது எதுவும் முடியாது. 2024இல் வந்த பிஎஸ்5 ப்ரோவிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் டிரைவ் முதல் தடவை வேலை செய்ய இணையம் தேவை.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நிறைய வீடுகளில் துபாயிலோ சவூதியிலோ இருக்கிற காக்காவோ (அண்ணனோ) மாமாவோ வாங்கி வந்த கன்சோல் இருக்கும். பயப்பட வேண்டாம், அங்கே வாங்கிய பிஎஸ்5 டிஸ்க் இங்கே ஓடும். மெஷினின் ஒட்டுத்தாளில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிளக் நம் சாக்கெட்டுக்குப் பொருந்தாவிட்டால் தொளதொளவென்று ஆடும் அடாப்டர் மாட்டாதீர்கள். மெஷின் பக்கம் செருகும் முனை நம் பழைய டேப்ரிக்கார்டர் வயரில் இருக்கும் அதே 8 வடிவம்தான். நல்ல இந்திய வயர் ஒன்று வாங்கிச் செருகினால் முடிந்தது. ஆனால் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். ஒன்று, வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. இரண்டாவது, பிஎஸ்என் (பிளேஸ்டேஷனின் ஆன்லைன் சேவை) அக்கவுண்ட் திறக்கும்போது தேர்ந்தெடுக்கும் நாட்டைப் பின்னால் மாற்ற முடியாது. உங்கள் பணம் ரூபாயில் போகப் போகிறது என்றால் இந்தியா என்றே கொடுங்கள். வெளிநாட்டு டிஸ்க்குக்கான கூடுதல் உள்ளடக்கத்தை இந்திய ஸ்டோரில் வாங்கினால் சேராமல் போகலாம், அதை மட்டும் வாங்கும் முன் விசாரியுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் அழகான சின்ன மெஷின், ஆனால் டிஸ்க் கிடையாது, எல்லாமே டவுன்லோட். தினசரி டேட்டா பிளானில் இருப்பவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். நிண்டெண்டோ ஸ்விட்ச் கையில் வைத்து விளையாட இனிமை, கரண்ட் போனாலும் கவலையில்லை. கடற்கரை மணலில் மட்டும் எடுக்காதீர்கள். மணல் ஏறினால் ஸ்டிக் தானாக நகர ஆரம்பிக்கும்.

செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது பார்க்க வேண்டியது: பின்பக்கத் துளைகளில் டார்ச் அடியுங்கள். வெள்ளைப் பொடியோ பச்சையோ தெரிந்தால் விலை என்னவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு டிஸ்க் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுக் காது கொடுங்கள். பிஎஸ்5இன் வெள்ளைத் தகடுகளைக் கையாலேயே கழற்றலாம், திருப்புளி தேவையில்லை. உள்ளே தூசி சேரும் இரண்டு துளைகள் இருக்கும், அவற்றை உறிஞ்சிச் சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் திறக்காதீர்கள். அதன் சிப்பின் மேல் இருப்பது திரவ உலோகம், சிந்தினால் போர்டு போய்விடும்.

பிசி என்றால் டெஸ்க்டாப்

படிக்கிற பிள்ளை, எடிட்டிங்கோ கோடிங்கோ கற்க ஆசை, கேமும் வேண்டும் என்றால் பிசிதான். அதிலும் டெஸ்க்டாப். கேமிங் லேப்டாப்புக்கு பேட்டரி இருப்பதால் கரண்ட் பயம் இல்லை என்பது உண்மை. ஆனால் உப்பு ஒரே ஒரு இடத்தில் கடித்தாலும் மொத்த போர்டும் போகும், டெஸ்க்டாப்பில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். கடலில் இருந்து நாலு தெருவுக்குள் இருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் முடிவு.

பட்ஜெட் குறைவா? கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஆரம்பியுங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசஸருக்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரண்ட், டோட்டா 2 போன்றவை அதில் ஓடும். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் 16 ஜிபி ராமை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியில் டேட்டா போவதால் கேம் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். 2025 கடைசியில் ராம் விலை மளமளவென ஏறியது, அதனால் வாங்கும் அன்று இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போடாதீர்கள், எஸ்எஸ்டி கட்டாயம். கேபினட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையைக் கடையிலேயே விட்டுவிட்டு, 80 ப்ளஸ் முத்திரை உள்ள ஒன்றை வாங்குங்கள். கேபினட் முகப்பில் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருக்க வேண்டும். கண்ணாடியும் வண்ண விளக்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த ஓஎஸ்?

விண்டோஸா லினக்ஸா என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய. எனக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது, இரண்டையும் போட்டிருக்கிறேன்.

நீங்கள் விளையாடப் போவது வேலரண்ட், ஃபோர்ட்நைட் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, விண்டோஸ் 11. அந்த கேம்களின் ஆன்டி-சீட் (ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் மென்பொருள்) லினக்ஸில் ஓடாது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு ஓடிக்கொண்டிருந்தது, 2024இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எனவே பழைய பிசி வாங்கும்போது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, வேலரண்டும் விண்டோஸ் 11இல் அதைக் கேட்கும்.

கதை கேம்கள், தனியாக விளையாடுபவை, பழைய மெஷின் என்றால் லினக்ஸை நம்பி முயலுங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் ப்ரோட்டான் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகு, விண்டோஸுக்காக எழுதிய கேம்களில் பெரும்பகுதி ஸ்டீம் வழியாக லினக்ஸில் ஓடுகின்றன. 2022இல் வந்த ஸ்டீம் டெக் முழுக்க முழுக்க இதை நம்பி நிற்கும் கையடக்கக் கருவி. புதிதாக வருகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் பழகச் சுலபம். கேமுக்காகவே என்றால் பசைட் (Bazzite) என்ற லினக்ஸ் வகை. ஏஎம்டி கார்டு என்றால் டிரைவர் உள்ளேயே இருக்கும். என்விடியா என்றால் மின்ட்டில் தனியாக ஒரு தடவை நிறுவ வேண்டும். வாங்கும் முன் ப்ரோட்டான்டிபி தளத்தில் கேம் பெயரைப் போட்டு, ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைக்கிறவர்கள் ஸ்டீம் கேம்களை இரண்டுக்கும் பொதுவான விண்டோஸ் டிரைவில் வைக்க வேண்டாம், ப்ரோட்டான் அங்கே தகராறு செய்யும்.

லினக்ஸை நான் இந்த ஊரில் விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. மின்ட் கேட்காமல் அப்டேட் இறக்கி என் டேட்டாவைக் காலி செய்வதில்லை. விண்டோஸில் வைஃபை அமைப்புக்குள் போய் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்துவிட்டால் அங்கும் ஓரளவு கட்டுப்படும். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை அது.

மேக் வைத்திருப்பவர்கள் அதைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

100 ஜிபியை எப்படிக் கொண்டுவருவது

ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளானில் 100 ஜிபி கேமை இறக்க 50 நாள் ஆகும், அதுவும் வேறு எதற்கும் போனைத் தொடாமல் இருந்தால். நான் செய்வதைச் சொல்கிறேன். கீழக்கரையில் ஃபைபர் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்கோடு பஸ் ஏறுவேன். கேமை என் காசில் என் ஸ்டீம் அக்கவுண்டில் வாங்கியிருப்பேன், ஃபைல் மட்டும்தான் அவனுடையது. அவன் மெஷினில் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காமன் என்றொரு ஃபோல்டர், அதற்குள் கேம் பெயரில் ஒன்று இருக்கும். அதை அப்படியே காப்பி செய்வோம். அரை மணி நேரம் ஓடும். “காப்பி ஓடட்டும், நீங்க வந்து தொதல் சாப்பிடுங்க” என்று அவன் உம்மா தட்டை நீட்டுவார். வீட்டுக்கு வந்து என் காமன் ஃபோல்டரில் அதே பெயரோடு போட்டு, ஸ்டீமில் இன்ஸ்டால் அழுத்துவேன். ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை ஸ்டீம் சரிபார்த்து, குறைகிற சில நூறு எம்பியை மட்டும் இறக்கிக்கொள்ளும். இரண்டு பிசியும் ஒரே வைஃபையில் இருந்தால் ஹார்டு டிஸ்கும் வேண்டாம். 2023 முதல் ஸ்டீமே ஒரு மெஷினில் இருந்து இன்னொன்றுக்கு நேராக அனுப்பும்.

பிஎஸ்5இல் இது நடக்காது. வெளி டிரைவில் கேமைச் சேமிக்கலாம், ஆனால் விளையாட வேண்டுமானால் திரும்ப உள்ளே நகர்த்த வேண்டும். பிஎஸ்4 கேம் என்றால் வெளி டிரைவில் இருந்தே ஓடும்.

ஆன்லைன் கேமுக்கு டேட்டா அளவைவிட பிங் (சர்வர் பதில் தர ஆகும் நேரம்) முக்கியம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2க்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் உண்டு. அமைப்பில் அதிகபட்ச பிங் அளவைக் குறைத்து வைத்தால் தூர தேசத்து சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்காது. ரவுட்டரில் இருந்து கேபிள் இழுக்க முடிந்தால் இழுங்கள்.

முதல் கேமுக்குப் பணம் போட வேண்டாம். இலவசமானவற்றில் ஒரு மாதம் கை பழகுங்கள். எபிக் ஸ்டோரில் வாரத்துக்கு ஒரு கேமாவது இலவசமாகத் தருகிறார்கள், எடுத்து வையுங்கள். ஸ்டீமில் வாங்கியது பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பென்டிரைவில் வரும் கிராக் (திருட்டு) கேம் மட்டும் வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய் என்று சொல்கிற எதையும் நம்பாதீர்கள். அப்படி ஒன்றைப் போட்டுத்தான் என் பழைய மெயில் அக்கவுண்ட் கைவிட்டுப் போனது.

மாதம் ஒரு ஞாயிறு

பிசியை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்சக் கரண்ட் இறங்கும். வலையைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் கழுவாமலே இருக்கலாம்; குடிக்க வாங்கும் தண்ணீரில் ஒரு சொம்பு போதும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள், சுற்றவிடாதீர்கள். துளைகளைச் சுற்றி ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்ட மென்மையான பிரஷ். படகு எஞ்சினுக்கு அடிக்கும் துரு ஸ்பிரே இங்கே வேண்டாம், காண்டாக்ட் க்ளீனர் என்றே தனியாக விற்கிறது. பயன்படுத்தாத யூஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளுக்கு ரப்பர் மூடி கிடைக்கும், எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள்.

கன்ட்ரோலரை மேஜை மேல் போட்டுவைக்காமல் மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் ஈரம் குடித்து முடித்ததும் தெரிந்துவிடும். துணிப்பையில் இருக்கும் மணிகளைத் தட்டில் கொட்டி, ஓவனில் 120 டிகிரி அளவில் பழைய நிறம் வரும் வரை காயவைத்துத் திரும்பப் போடலாம், வெயில் சூடு அதற்குப் போதாது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை காயவைத்துவிடுங்கள். அதன் பிறகு மழைக்காலம்.